மாட்டுக்குப் பல் பார்ப்பதும் பெண்ணுக்குப் பல் பார்ப்பதும்

சந்தையில் மாடு வாங்கப் போகிறவன் மாட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்க்கிறான். இதை நாம் குற்றமென்று சொல்ல மாட்டோம். மாட்டுக்கு மேல்வாயில் முன்பல் கிடையாது, கீழ்வாயில் எட்டு. பால்பல் விழுந்து அவை இரண்டிரண்டாக முளைக்கின்றன. இரண்டு பல் என்றால் ஏறக்குறைய இரண்டு வயது. நாலு பல், ஆறு பல் ஆகி எட்டும் சேர்ந்துவிட்டால் நாலு வயதைத் தாண்டிவிட்டது என்று கணக்கு. மாடு தன் வயதை வாய் திறந்து சொல்லாது. விற்கிறவனோ உண்மையைச் சொல்ல மாட்டான். ஆதலால் பல்லைப் பிடித்துப் பார்ப்பது புத்திசாலித்தனமான காரியந்தான்.

ஆனால், பெண் பார்க்கப் போகிறவர்கள் பெண்ணை ஏதாவது பேசச் சொல்லி, சிரிக்கச் சொல்லிப் பல்லைப் பார்க்கிறார்களே, அது எதற்காக? வயது தெரிந்துகொள்ளவா? அதற்குப் பள்ளிக்கூடச் சான்று இருக்கிறது. பெண்ணுக்கு வாய் இருக்கிறது. கேட்டால் பதில் சொல்லுவாள். ஏரில் கட்டப் போகிறார்களா, வண்டியில் பூட்டப் போகிறார்களா?

இதை இப்போது எழுத நேர்ந்த காரணம் என்னவென்றால், கள்ளக்குறிச்சி ஜில்லாவில் திருநாவலூரை அடுத்த ஒரு சிற்றூருக்கு நாம் கூட்டத்திற்குப் போயிருந்தபோது, ஜனங்கள் கலைந்த பிறகு ஒரு குடியானவர் நம்மைத் தனியே அழைத்துப் போய் ஒரு சங்கதி கேட்டார். அவருடைய மகளுக்கு மாப்பிள்ளை அமைந்திருக்கிறதாம். நகை பேசியாகிவிட்டது, பாத்திர பண்டம் பேசியாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் புறப்படும்போது ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்: "பெண்ணுக்கு முன்பல் கொஞ்சம் எடுப்பாயிருக்கிறது, நிறமும் மங்கல், டவுனில் காட்டிச் சரிபண்ணி விடுங்கள், அப்புறம் நாள் வைத்துக்கொள்ளலாம்." டவுனில் விசாரித்ததில், ஆறு பல்லை ராவி மேலே பீங்கான் மூடி போட்டுவிட்டால் ஒரே வாரத்தில் காரியம் முடிந்துவிடும் என்றார்களாம். பணத்துக்கு வழி தேடிக்கொண்டிருக்கிறார். அவர் நம்மைக் கேட்டது "இது நியாயமா?" என்றல்ல. "ராவின பல் திரும்ப வளருங்களா?" என்றுதான் கேட்டார்.

திருநாவலூர் என்றவுடன் சைவர்களுக்குச் சுந்தரமூர்த்தி நாயனார் ஞாபகம் வரும். அவர் பிறந்த ஊர் அது. சுந்தரர் என்றால் அழகர் என்று அர்த்தம். அவருக்குப் புத்தூரில் சடங்கவி என்பாருடைய மகளோடு கலியாணம் நடக்கிற சமயத்தில் ஒரு கிழவர் ஓலையோடு வந்து, "இவன் எனக்கு அடிமை" என்று வழக்குப் பேசிக் கலியாணத்தை நிறுத்தினார் என்று பெரியபுராணம் கூறுகிறது. மாப்பிள்ளை கிழவரோடு போய்விட்டார். பாட்டுப் பாடினார், பிற்பாடு பரவையாரையும் சங்கிலியாரையும் மணந்தும் கொண்டார். மணப்பந்தலில் விடப்பட்ட பெண் என்ன ஆனாள்? புராணக்காரர் அவளைச் சிவலோகத்துக்கு அனுப்பி வைத்துவிட்டுக் கதையை மேலே நடத்திக்கொண்டு போகிறார். அன்றைக்கு ஒரு கலியாணத்தை நிறுத்த ஒரு ஓலையாவது வேண்டியிருந்தது. இன்றைக்கு ஒரு பல் போதுமானதாயிருக்கிறது.

நிற்க, குடியானவரின் கேள்விக்கு வருவோம். ராவின பல் வளராது. நகம் வளரும், மயிர் வளரும், முறிந்த எலும்புகூட ஒட்டும். பல்லின் மேல்பூச்சாகிய எனாமல் மாத்திரம் போனால் போனதுதான். ஏனெனில், அதை உண்டாக்குகிற உயிரணுக்கள் பல் ஈறைப் பிளந்துகொண்டு வெளியே வருவதோடு அழிந்துபோகின்றன. மனித உடம்பில் எனாமலைவிடக் கடினமான பொருள் கிடையாது. இருந்தும் மிகக் கனமான இடத்தில்கூட அது சுமார் 2½ மில்லி மீட்டர்தான். முன்பல்லில் அதிலும் குறைவு. அதற்கு அடியில் இருப்பது டென்டின் என்கிற பாகம். அது இயற்கையாகவே மஞ்சள் சாயல் உள்ளது. எனாமல் அரைகுறையாக ஒளியை உள்ளே விடுவதால் அடியிலுள்ள மஞ்சள் வெளியே தெரிகிறது. வயது ஏற ஏற எனாமல் தேய்வதால் இன்னும் கொஞ்சம் தெரிகிறது. ஆகவே பல் இலேசாக மஞ்சளாக இருப்பது அழுக்கல்ல, வியாதியல்ல, அஜாக்கிரதையுமல்ல. சுண்ணாம்பு அடித்த சுவரைப் போல் மனிதப் பல் ஒருபோதும் இருந்ததில்லை.

அந்தப் பீங்கான் மூடியை, அதாவது 'கேப்' என்பதை, மாட்டுவதற்கு இடம் வேண்டும். அந்த இடத்திற்காகப் பல்லைச் சுற்றிலும் ஒன்று முதல் இரண்டு மில்லி மீட்டர் வரை ராவியாக வேண்டும். ஈறுக்கு மேலே தெரிகிற பல்லில் பாதிக்கு மேல் தூளாய்ப் போகிறது என்று பல் வைத்திய ஆராய்ச்சிக்காரர்களே அளந்து சொல்லியிருக்கிறார்கள். மீதி நிற்பது ஒரு முளைக்குச்சி. இந்த ராவலில் சில பற்களின் உள்நரம்பு செத்துப்போய், வேர் சிகிச்சை வரையில் இழுத்துக்கொண்டு போவதும் உண்டு. இவ்வளவும் செய்த மூடியின் ஆயுள் பொதுவாகப் பத்துப் பதினைந்து வருஷம். 22 வயதுப் பெண்ணுக்கு இன்று போட்டால் 37இல் ஒரு தரம், 52இல் ஒரு தரம் மாற்ற வேண்டிவரும். அப்போதெல்லாம் மாப்பிள்ளை வீட்டார் வந்து பணம் கட்டுவார்களா? சொத்தை விழுந்தோ அடிபட்டோ பாதி உடைந்துபோன பல்லுக்கு மூடி போடுவது நல்ல வைத்தியம். நோயில்லாத பல்லை முளைக்குச்சியாக்கி மூடி போடுவதற்கு என்ன பெயர் சொல்லுவது என்பதை வாசகர்களுக்கே விட்டுவிடுகிறோம்.

இன்னொன்று, 'வெனீர்' என்று சொல்லப்படுவது. நகத்தகடு போன்ற, ஏறக்குறைய அரை மில்லி மீட்டர் கனமுள்ள பீங்கான் சில்லைப் பல்லின் முன்புறத்தில் ஒட்டுவது. இதன் பிறப்பைக் கேட்டால் சிரிப்பு வரும். அமெரிக்காவில் ஹாலிவுட் சினிமாக்காரர்களுக்காக 1928 வாக்கில் சார்லஸ் பிங்கஸ் என்கிற பல் வைத்தியர் கண்டுபிடித்தது இது. படம் பிடிக்கிற நேரத்துக்கு மாத்திரம் நடிகர் பல்லில் ஒட்டி, வேலை முடிந்ததும் கழற்றி விடுவார்கள். சாப்பிடுவதற்கு அது உதவாது. கூத்தாடிக்குக் கட்டைக் கிரீடமும் தோள்கட்டையும் எப்படியோ அப்படி. ராஜபார்ட் போட்டவன் விடிந்ததும் அரிதாரத்தைத் துடைத்துவிட்டுக் கழனிக்குப் போகிறான். நம்முடைய பெண்களுக்கு மாத்திரம் எனாமலைச் சீவிவிட்டு, கழற்ற முடியாத அரிதாரம் பூசி அனுப்புகிறோம்.

பல் நிஜமாகவே முன்துருத்தி, கடிக்கவும் மெல்லவும் உதடு மூடவும் தடையாயிருந்தால் அதற்கு யோக்கியமான வழி இருக்கிறது. கம்பி கட்டிச் சிறுகச் சிறுகத் தள்ளினால், பல் போகிற பக்கத்து எலும்பு கரைந்து, விட்டுவந்த பக்கத்தில் புது எலும்பு உண்டாகிப் பல் இடம் மாறுகிறது. பல் ராவப்படுவதில்லை. ஆனால் இதற்கு ஒன்றரை, இரண்டு வருஷம் ஆகும். மாப்பிள்ளை வீட்டாருக்கோ ஆவணிக்குள் முகூர்த்தம் வேண்டும்! பஞ்சாங்கக்காரன் குறித்துக் கொடுத்த நாழிகைக்காக ஒரு பெண்ணின் ஆறு பல் தூளாகிறது. பஞ்சாங்கத்தினால் வருகிற கேட்டில் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

வெளுக்க வைக்கிற மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹைட்ரஜன் பெராக்ஸைடு என்கிற மருந்தை, அல்லது அதையே வெளியிடுகிற கார்பமைடு பெராக்ஸைடைப் பல்லில் தடவுகிறார்கள். அது எனாமலுக்குள் ஊறிக் கறையின் வர்ணத்தைச் சிதைக்கிறது. பல் வெளுப்பது மெய்தான். நாம் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எத்தனை நாளைக்கு? சில மாதம், மிஞ்சினால் சில வருஷம். பிறகு மறுபடியும் தடவ வேண்டும். தடவின நாட்களில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் பல் சுரீர் என்கிறது. ஈறில் பட்டால் வெந்துபோகிறது. முன்பே அடைத்த பல்லோ, மூடி போட்ட பல்லோ இருந்தால் அவை வெளுக்காமல், பக்கத்துப் பல் மாத்திரம் வெளுத்து, வாய் இரட்டை வர்ணமாகிவிடும். ஐரோப்பிய நாடுகளில் 2011இல் செய்த சட்டப்படி 0.1 சதவிகிதத்துக்கு மேற்பட்ட ஹைட்ரஜன் பெராக்ஸைடு உள்ள பல் வெளுப்புச் சரக்கைப் பல் வைத்தியருக்கு மாத்திரமே விற்கலாம். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு உபயோகிக்கக் கூடாது. 6 சதவிகிதத்துக்கு மேல் போனால் அடியோடு கூடாது. இங்கேயோ செல்போனைத் திறந்தால் பல் வெளுப்பு டப்பி வீடு தேடி வருகிறது.

கடையில் வாங்கின பசையைத் தேய்த்தவுடனே பல் பளிச்சென்று ஆகிறதே என்று சிலர் கேட்கலாம். அதன் சூட்சுமத்தை நம் பெண்மக்கள் நன்றாக அறிவார்கள். மங்கின வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுகிறோமல்லவா? வேட்டியின் பழுப்பு எங்கேயும் போகவில்லை. நீலம் சேர்ந்ததால் கண்ணுக்கு வெள்ளையாய்த் தெரிகிறது. அதேபோல் சில பசைகளில் ஒரு நீலச்சாயத்தைச் சேர்த்துப் பல்லின்மேல் இலேசாகப் படிய வைக்கிறார்கள். பல்லுக்கு நீலம் போட்டுக்கொண்டு பல்லே வெளுத்துவிட்டதென்று நம்புவது, திருநீறு பூசினவனெல்லாம் யோக்கியன் என்று நம்புவதற்கு ஒப்பானது. கரித்தூள், செங்கல் தூள், சாம்பல், உப்பு வைத்து அழுத்தித் தேய்ப்பவர்கள் வேறு இருக்கிறார்கள். "இயற்கை முறை" என்று இதற்கு இப்போது பெருமை பேசப்படுகிறது. கரடுமுரடான தூள் கறையோடு எனாமலையும் தேய்த்துவிடும். எனாமல் தேய்ந்தால் அடியிலுள்ள மஞ்சள் இன்னும் அதிகமாகத் தெரியும். வெளுக்கத் தேய்த்து மஞ்சளாக்கிக்கொள்ளுவதற்கு இது நல்ல வழி!

பல் வெள்ளையாயிருப்பதுதான் அழகு என்பது ஏதோ அநாதியாய் வந்த விதி போலப் பேசுகிறார்கள். ஜப்பானில் பல நூற்றாண்டுக் காலம் மணமான ஸ்திரீகளும் பிரபுக்களும் இரும்புக் கரைசலால் பல்லைக் கன்னங்கரேலென்று கறுப்பாக்கிக்கொண்டார்கள். கறுத்த பல்தான் அங்கே கௌரவம். 1870இல் சர்க்கார் பிரபுக்களுக்கு அதைத் தடை செய்தது. 1873இல் மகாராணியே வெள்ளைப் பல்லோடு வெளியே வந்தபின் வழக்கம் மறையத் தொடங்கிற்று. வட இந்தியாவில் மிஸ்ஸி என்கிற கறுப்புப் பொடியைப் பெண்கள் பல்லிடுக்கில் பூசிக்கொண்டார்கள். நம் நாட்டிலேயே வெற்றிலை போட்டு வாய் சிவப்பது கலியாண வீட்டுக்கு லட்சணமாயிருந்தது. நாக்கு எவ்வளவு சிவந்திருக்கிறதென்று நீட்டிக் காட்டிக்கொண்ட பெண்கள் நம் பாட்டிமார்தாம். கறுப்பும் அழகு, சிவப்பும் அழகு, வெள்ளையும் அழகு என்றால், அழகு பல்லில் இல்லை, பார்க்கிறவன் பழக்கத்தில் இருக்கிறது என்பதுதானே பொருள்?

போகட்டும், பல் அழகு அவ்வளவு அவசியமென்றே வைத்துக்கொள்வோம். மாப்பிள்ளையின் பல்லை எவராவது பார்த்ததுண்டா? தமிழ்நாட்டில் 2013இல் குட்கா தடை செய்யப்பட்டது. ஆனாலும் ஒளித்து விற்பதும் ஒளித்து மெல்லுவதும் நிற்கவில்லை. உதட்டுக்கடியில் புகையிலைத் தூளை ஒதுக்கிக்கொண்டு, வேர்வரை கறுத்த பல்லோடு திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "பெண்ணுக்குப் பல் மங்கல்" என்று சொல்லுகிறவனுடைய தைரியத்தைத்தான் மெச்ச வேண்டும். பெண்ணின் பல் மங்கல் அவளுக்கு ஒரு கெடுதியும் செய்யாது. அவன் பல்லின் கறுப்பு வாய்ப் புற்றுநோய்க்கு வாசல். இரண்டில் எதை வைத்தியரிடம் காட்ட வேண்டும்?

பல்லைப் பற்றி நம்மவர்களுக்குள்ள மூடநம்பிக்கை கொஞ்சநஞ்சமல்ல. குழந்தைக்கு மேல்பல் முதலில் முளைத்தால் மாமனுக்கு ஆகாது. பல்லிடுக்கு இருந்தால் அதிர்ஷ்டம் என்பான் ஒருவன், கைக்காசு தங்காது என்பான் இன்னொருவன். மேல்வாய்ப் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்று பயந்து, சீழ் கட்டின பல்லோடு வருஷக்கணக்காகக் கிடக்கிறார்கள். பல்லுக்குப் போகிற நரம்புக்கிளை வேறு, கண்ணுக்குப் பார்வை தருகிற நரம்பு வேறு. (திருநாவலூர்ச் சுந்தரருக்குக் கண் போனதாகச் சொல்லப்படுவதுகூடச் சத்தியம் தவறியதற்காகவே யொழிய, பல் பிடுங்கினதற்காக அல்ல!) அதேபோல், பல் காரையை எடுத்தால் பல் ஆடிப்போகும் என்பதும் பொய். காரை ஈறைத் தின்றதால் பல் முன்பே ஆடிக்கொண்டிருக்கிறது. எடுத்த பிறகுதான் அது தெரியவருகிறது. நோய்ப்பட்ட பல்லைக் காட்டப் பயம். நோயில்லாத பல்லை ராவத் தைரியம்! இந்தப் புத்தியை என்னவென்று சொல்லுவது?

பல் வைத்தியமென்றால் அற்ப விஷயமென்று எண்ணிக்கொள்ளுவதும் பிசகு. 2024 பிப்ரவரியில் ஐதராபாத்தில் கலியாணம் நிச்சயமான 28 வயது வாலிபர் ஒருவர் சிரிப்பை அழகுபடுத்திக்கொள்ளும் சிகிச்சைக்குப் போய் உயிரோடு திரும்பவில்லை. மயக்க மருந்து அதிகமாகக் கொடுத்துவிட்டார்களென்று தகப்பனார் போலீசில் புகார் கொடுத்தார். தாம் இப்படிப் போவது வீட்டாருக்கே தெரியாதென்று அவர் சொன்னதாகப் பத்திரிகைகளில் வந்தது. நம் நாட்டு வாணியம்பாடிச் செய்தி இதனினும் கொடியது. அங்கே அழகுக்காகப் போனவர்களல்ல. சாதாரணப் பல் சிகிச்சைக்குப் போனவர்கள். 2023இல் ஒரே பல் வைத்திய நிலையத்துக்குப் போய்வந்த 10 பேருக்கு மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் என்னும் நோய் கண்டு, 8 பேர் மாண்டார்கள். வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியைச் சேர்ந்தவர்களும் மற்றவர்களும் ஆராய்ந்து 2025இல் வெளியிட்ட கட்டுரையில், வாய் கழுவ வைத்திருந்த உப்புநீர்ப் புட்டியைச் சுத்தம் செய்யாத ஆயுதத்தால் திறந்து, சரியாக மூடாமல் வைத்து, அதையே திரும்பத் திரும்ப உபயோகித்ததுதான் காரணமென்று காட்டியிருக்கிறார்கள். கடவுள் கோபமுமல்ல, கிரகக் கோளாறுமல்ல, ஒரு புட்டி. நோய்க்காகப் போகிறவன் இந்த ஆபத்துக்குத் துணிந்துதான் ஆக வேண்டும். நோயே இல்லாத ஒரு பெண்ணை, மாப்பிள்ளை வீட்டார் சொல்லுக்காக, இதற்கு ஏன் ஆளாக்க வேண்டும்?

பல் கறை எல்லாம் தனி மனிதன் குற்றமுமல்ல. தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களில் எத்தனையோ பேருக்குப் பல்லில் பழுப்புப் பட்டைகள் இருக்கின்றன. அது தேய்க்காததால் வந்ததல்ல. நிலத்தடி நீரிலுள்ள ஃபுளூரைடு, பல் உண்டாகிற பிள்ளைப் பருவத்தில் எனாமலைக் கெடுத்துவிடுகிறது. இது நேற்றுக் கண்ட சங்கதியுமல்ல. சென்னை ராஜதானியில் நெல்லூர்ப் பக்கத்தில் இதே ஃபுளூரைடு எலும்பு வரையில் தாக்கி ஜனங்களைக் கூனாக்கியதை 1937லேயே ஷார்ட் முதலிய டாக்டர்கள் எழுதிவிட்டார்கள். காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் திட்டம் 2013இல்தான் ஜனங்களுக்கு வந்தது. நடுவில் பிறந்து வளர்ந்த பெண்களின் பல்லைப் பார்த்து "மங்கல்" என்று தள்ளுகிறவன், சர்க்கார் தண்ணீர் கொடுக்காததற்குப் பெண்ணைத் தண்டிக்கிறான்.

பெண்ணுக்குக் கலியாணச் சந்தையில் நடப்பது, ஏழைக்கு உத்தியோகச் சந்தையிலும் நடக்கிறது. கேரளத்து அட்டப்பாடி மலையைச் சேர்ந்த ஒரு பழங்குடி வாலிபர், வனத்துறைக் காவல் வேலைக்கு எழுத்துப் பரீட்சையிலும் உடல் பரீட்சையிலும் தேறினார். 2022 டிசம்பரில், முன்பல் துருத்தியிருக்கிறதென்று அவரைத் தள்ளிவிட்டார்கள். சிறு வயதில் விழுந்து அடிபட்டதால் வந்த பல் அது. அப்போது வைத்தியம் பார்க்க வீட்டில் பணமில்லை. காட்டில் யானையையும் திருட்டுமரக்காரனையும் பல்லைக் காட்டியா விரட்டப் போகிறார்? கேரளத்துத் தாழ்த்தப்பட்டோர் பழங்குடியினர் கமிஷன் இதன்பேரில் வழக்கெடுத்தது. இந்திய ராணுவம்கூட ஆளெடுக்கும்போது பல்லுக்குப் புள்ளி போட்டு 14 புள்ளி இருக்கிறதா என்று பார்க்கிறதே தவிர, எவ்வளவு வெள்ளை என்று பார்ப்பதில்லை. மெல்ல முடியுமா என்பதுதான் அங்கே கேள்வி. நம் ஜில்லாவிலேயே கல்வராயன் மலையில் மலையாளி ஜனங்கள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளில் எவனுக்காவது விழுந்து பல் துருத்திக்கொண்டால், அதைப் பத்து வயதில் சர்க்கார் செலவில் நேராக்குவது வைத்தியம். 25 வயதில் அதைக் காட்டி வேலை இல்லையென்பது அக்கிரமம்.

"அப்படியானால் நீங்கள் பல் வைத்தியமே வேண்டாமென்கிறீர்களா? ஒரு பெண் தானாக ஆசைப்பட்டுச் செய்துகொண்டால் உங்களுக்கு என்ன?" என்று சிலர் கேட்பார்கள். ஒன்றுமில்லை. வயது வந்த பெண் தன் சம்பாத்தியத்தில், லாப நஷ்டத்தைத் தெரிந்துகொண்டு, தன் பல்லை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும். அவள் பல் அவளுடையது. நாம் ஆட்சேபிப்பதெல்லாம், அவள் பல்லுக்கு இன்னொருவன் எஜமானனாவதையும், அவள் தகப்பன் அதற்குக் கடன் வாங்குவதையும், வளராத பொருளை வளரும் என்று எண்ணிக்கொண்டு ராவக் கொடுப்பதையுந்தான்.

டவுனுக்குப் போவதென்று தீர்மானித்து விட்டவர்களுக்கும் நாம் சொல்லக் கூடியது கொஞ்சம் உண்டு. 1948இல் ஏற்பட்ட பல் வைத்தியர் சட்டத்திலிருந்து இந்நாட்டில் பல் வைத்தியம் செய்கிறவர் பதிவு பெற்றவராயிருக்க வேண்டும்; பதிவு எண்ணைக் கேட்பதில் வெட்கமில்லை. 2014இல் வந்த ஒழுக்க விதிகள் விளம்பரத்தால் நோயாளிகளை இழுப்பது முறைகேடென்கின்றன. ஆகவே சுவரெங்கும் சிரிக்கிற படம் ஒட்டினவனிடம் முதலில் போகாதீர்கள். கள்ளக்குறிச்சி சர்க்கார் வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரி 2022இல் திறக்கப்பட்டிருக்கிறது. சிதம்பரத்தில் சர்க்கார் பல் வைத்தியக் கல்லூரி இருக்கிறது. காசு வாங்காத இடத்தில் ஒரு தரம் வாயைக் காட்டி, நோய் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, பிறகு காசு வாங்குகிற இடத்துக்குப் போங்கள். அங்கே, எத்தனை பல்லை எவ்வளவு ராவப் போகிறார்கள், கம்பி கட்டினால் ஆகாதா, மூடி எத்தனை வருஷம் தாங்கும், கழன்றால் யார் செலவு என்று கேட்டு, பதிலைக் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். போகும்போது மாப்பிள்ளையையும் கூட அழைத்துப் போய், அவர் வாயையும் திறந்து காட்டச் சொல்லுங்கள்.